வளைவுக்கு முன் ஒரு திண்ணை
(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் வளாகத்துக்கு நுழைவு வளைவு கட்டும் தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. வாக்களிக்கும் முன், நம் பக்கத்திலேயே உள்ள ஒரு வாசலைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச அனுமதியுங்கள்.

கொட்டாம்பட்டியில் இருந்து மேலூர் வழியாக அழகர்கோவிலுக்குப் போகாதவர்கள் இங்கே குறைவு. அங்கே ராஜகோபுர வாசலில் எல்லோரும் கும்பிட்டிருப்பீர்கள். பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு அங்கே சிலை கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய கதவுதான் சாமி. நாம் கோயிலுக்குள் போவது பக்கத்து வாசல் வழியாகத்தான். சித்திரையில் அழகர் மதுரைக்குப் புறப்படும்போது கருப்பணசாமியிடம் விடைபெற்றுத்தான் கிளம்புவார். நகைப் பட்டியலை அவர் முன் வாசிப்பதும் மரபு. கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் அந்தப் படியில் சத்தியம் செய்யச் சொல்வார்கள். வாசலைக் காப்பவருக்கு நம் ஊர் கொடுத்த இடம் அது.

கோபுர வாசல்களின் கட்டுமானத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். கீழ்ப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்பு, சுதை. பாரம் குறைய அந்த ஏற்பாடு. கதவு அவ்வளவு உயரமாக இருப்பது உற்சவர் குடையோடும் பல்லக்கோடும் வெளியே வருவதற்காக. தினமும் அவ்வளவு பெரிய கதவைத் திறக்க முடியாது என்பதால் பல கோயில்களில் அதிலேயே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிறிய கதவு வைத்தார்கள். அதுதான் திட்டிவாசல். உள்ளே நடைபாதையின் இருபுறமும் உயர்ந்த மேடை இருக்கும். காவல் இருப்பவரும் களைத்து வந்தவரும் உட்கார்ந்த இடம் அது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களில், கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் கூரை போட்ட ஒரு வாசல் இருக்கும். லிச் கேட் என்பார்கள். 'லிச்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சடலம். சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அங்கே இறக்கிவைத்து, பாதிரியார் வரும்வரை இளைப்பாறுவார்கள். அதற்காகப் பல இடங்களில் இருபுறமும் பெஞ்சு போட்டிருக்கும். நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, லாட்ஜ் என்றால் நமக்குத் தங்கும் விடுதி. அங்கே பெரிய மாளிகைகளின் வாசலை ஒட்டிக் காவல்காரர் குடும்பத்தோடு வாழும் சிறிய வீட்டுக்கு அந்தப் பெயர். சில இடங்களில் வாசலின் இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு வீடுகள் கட்டினார்கள். வாசலின் அழகே அந்த வீடுகள்தான்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். நம் செக்யூரிட்டி அண்ணன் உட்கார்ந்திருப்பது தகரக் கூண்டில். சித்திரை வெயிலில் அதற்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கழிப்பறை என்றால் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போக வேண்டும். அவர் போய் வரும் நேரம் வாசலில் ஆளே இல்லை. வளைவு எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது யாரையும் தடுக்காது.

அதனால் தீர்மானத்தில் மூன்று திருத்தங்கள் கேட்கிறேன்.

முதலாவது, வாசலின் ஒரு பக்கம் ஜன்னலும் மின்விசிறியும் உள்ள காவல் அறை, அதை ஒட்டிக் கழிப்பறை. மறுபக்கம் கூரையோடு ஒரு திண்ணை. பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், ஆட்டோவுக்கு நிற்கும் பெரியவர்கள், பார்சல் கொண்டுவரும் தம்பிகள் எல்லோருக்கும் அது உதவும்.

இரண்டாவது, பெரிய கேட்டிலேயே ஒரு திட்டிவாசல். நடந்து வருபவர்கள் கார்களுக்கு நடுவே நுழைய வேண்டியிருக்காது.

மூன்றாவது, வளைவின் உயரத்தையும் அகலத்தையும் தீயணைப்புத் துறையிடம் கேட்ட பிறகே முடிவு செய்வோம். நம் வாசலில் தடையில்லாமல் வர வேண்டிய உற்சவர் தீயணைப்பு வண்டிதான்.

பணம் போதுமா என்று பொருளாளர் கேட்பார். மதுரைப் புதுமண்டபத்துக்குக் கிழக்கே ராயகோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் மிகப் பெரிதாகத் தொடங்கிய வாசல் அது. இன்றும் முடியாமல் நிற்கிறது. மன்னருக்கே அப்படி என்றால், மாதச் சந்தாவில் ஓடும் நாம் எதை முதலில் கட்டுவது என்று யோசிக்கத்தான் வேண்டும்.

அறையும் திண்ணையும் முதலில் எழும்பட்டும். மிச்சம் இருந்தால் வளைவு கட்டுவோம், பெயர்ப்பலகையும் வைப்போம். இந்தத் திருத்தங்களோடு தீர்மானத்தை ஆதரிக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.