கணினி வழி டியூஷன்: வருமானமும் வரம்பும்



ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பி.எட். முடித்து வீட்டிலிருக்கும் பெண்மணிகளும் இன்று கணினி மூலம் பாடம் நடத்திப் பொருள் ஈட்ட முடிகிறது. 2005-ல் பெங்களூரில் தொடங்கிய டியூட்டர்விஸ்டா, நம் நாட்டு ஆசிரியர்களை அமெரிக்க மாணவர்களோடு இணைத்தது. குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 4.30 என்றால், நியூயார்க்கில் முதல் நாள் மாலை 6 மணி. பிரம்ம முகூர்த்தத்தில் எழும் பழக்கம் இதற்கும் உதவுகிறது! 2020 பெருந்தொற்றுக்குப் பின் உள்ளூர்ப் பிள்ளைகளும் இம்முறைக்குப் பழகிவிட்டார்கள்.

ஆனால், பணியிலிருக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, பள்ளி ஆசிரியர் டியூஷன் நடத்துவதைத் தடை செய்கிறது. கணினியில் நடத்தினாலும் டியூஷன் டியூஷன்தான். சம்பளம் போதவில்லை என்ற குறை, குறிப்பாகச் சிறிய தனியார் பள்ளிகளில், நியாயமானதே. ஆயினும், வகுப்பில் பாதி சொல்லி மீதியை மாலையில் கட்டணத்துக்குச் சொன்னால், பணம் கட்ட இயலாத குழந்தை எங்கே போகும்? அந்தக் குழந்தைக்காகத்தான் இந்தத் தடை.

தடையில்லாதவர்கள் தாராளமாகத் தொடங்கலாம். கட்டணத்தை வங்கி மூலம் பெற்று, வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஓர் ஏழை மாணவருக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுங்கள். வித்யாதானத்துக்கு ஈடில்லை.