எறா வாங்கும்போது ஒரு கேள்வி



ஞாயிற்றுக்கிழமை எறா வாங்கும்போது என்ன கேட்போம்? "கிலோ எவ்வளவு? உரிச்சுத் தருவீங்களா?" அது வளர்ந்த குளத்துத் தண்ணீர் எங்கே போச்சுன்னு யாரும் கேட்பதில்லை.

கழிவுநீர் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாகல்கேணி, குரோம்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்டில். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று இறால் பண்ணைத் தீர்ப்பும் வந்தது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு அது. கரையோரக் கிராமங்களின் வயலும் குடிநீரும் உப்பாகிப்போனதுதான் பிரச்சினை. இரண்டு தீர்ப்பும் சொன்னது ஒன்றே: மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும்.

அப்படியென்றால் இறால் வளர்ப்பதே தப்பா? இல்லைங்க, வளர்க்கும் முறைதான் முக்கியம்.

முதலில் தீவனம். இறால் தின்னாமல் விட்டது அடியில் அழுகி, அம்மோனியாவாக மாறும். அதனால் நல்ல பண்ணையாளர் குளத்தில் தட்டு இறக்கி, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தே அடுத்த வேளைத் தீவனம் போடுவார். செலவும் மிச்சம், தண்ணீரும் சுத்தம்.

அடுத்தது வெளியேறும் நீர். அதை நேராகக் கழிமுகத்தில் விடாமல், தனிக் குளத்தில் தேக்கி வண்டல் படிய விடணும். அங்கே மடவை மீன், சிப்பி வளர்த்தால் மிச்சக் கழிவை அவை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, நோய்ப் பரிசோதனை செய்த குஞ்சுகள். நோய் குறைந்தால் மருந்தும் குறையும். தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பயன்படுத்தவே கூடாது.

2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடலோர இறால் பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெறுவது கட்டாயம். அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. வளர்ப்பு முறைகளை ஆராயும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் நமக்குப் பக்கத்தில், முட்டுக்காட்டில் உள்ளது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. வாங்கும்போது, "கடல் எறாவா, வளர்ப்பு எறாவா? எந்தப் பண்ணை?" என்று கேளுங்கள். கேட்பவர் கூடினால், கடைக்காரரும் பண்ணையைக் கேட்பார். சொந்த ஊரில் பண்ணைக் கழிவு வாய்க்காலில் கலப்பதைப் பார்த்தால், போனில் படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் புகார் சொல்லலாம்.

கெட்ட நிலத்தடி நீரைத் திரும்ப நல்லதாக்குவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும். கடற்கரை ஊருக்கும் அந்தப் பாடு வேண்டாம்.