ஆவூர்ப் பழந்தேவாலயம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் குடைவரைகளையும் கற்றளிகளையும் காண வருவோர் பலர். நகரினின்று ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆவூருக்குச் சென்று பெரியநாயகி மாதா தேவாலயத்தைக் காண்போர் சிலரே. சென்ற உயிர்ப்புத் திருநாளன்று யாம் எம் மாணாக்கர் சிலருடன் அங்குச் சென்றிருந்தோம். முதற்கோயில் 1547-இல் வெனான்சியுஸ் புஷே பாதிரியாரால் கட்டப்பெற்றது என்றும், புதுக்கோயில் 1747-இல் எழுந்தது என்றும் குறிப்புகளிற் கண்டவாறே அவர்களுக்கு உரைத்தோம். ஒரு சிறுவன், "ஐயா, அப்பாதிரியார் பிறந்தது எப்போது?" என்று வினவினான். 1655 என்றோம். "அவ்வாறாயின், பிறப்பதற்கு 108 ஆண்டுகளுக்கு முன்னரே கோயில் கட்டினாரோ?" என்றான். யாம் நாணி நின்றோம்.

வீடு திரும்பி ஆராய்ந்தோம். சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்ததே 1542-இல். 1547-இல் தமிழகத்துக் கிறித்தவம் பெரும்பாலும் கடற்கரையளவில் நின்றது. உள்நாட்டில் மதுரை மிஷனைத் தத்துவபோதகர் தொடங்கியது 1606-இல். அம்மிஷனைச் சேர்ந்த அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டு மாண்டார். பிரெஞ்சு நாட்டவராகிய புஷே அவர் காலத்தவரே. ஆதலின் ஆவூர் முதற்கோயில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியதாதல் வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டு குறைந்ததே என்று வருந்துவாரும் உளர். நம் குலவரலாறு எழுதுவோரும் நூறாண்டினை ஆயிரமாக்குதல் உண்டு, அன்பர்கள் பொறுத்தருள்க! அப்பொய்யாண்டினால் கட்டினவரையே யாம் மறந்திருந்தோம். எழுதிய சட்டநூலின்றியே வழிவழி வந்த வழக்கத்தைக் கொண்டு நம் நாட்டார் வழக்குத் தீர்க்கும் முறையை 1714-இல் விரிவான கடிதமாக எழுதித் தம் நாட்டவர்க்கு அறிவித்தவர் இப்புஷே. நம் ஊர்ப் பஞ்சாயத்தின் பெருமையை அயலார் அறிந்தது இத்தகையோர் கடிதங்களாலன்றோ?

புதுக்கோயில் எழுந்ததாகக் கூறும் 1747, வீரமாமுனிவர் மறைந்த ஆண்டுமாம். தேம்பாவணி பயின்ற எமக்கு அவ்வாண்டு எளிதில் மறவாது.

இனி, மக்கள் அங்கு ஈண்டுவது ஆண்டுக்கணக்குப் பார்த்தன்று. பாஸ்கா நாடகமும், அதன்பின் பிற்பகலில் தேரோட்டமும் நிகழ்கின்றன. பல சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். யாம் சென்ற அன்று எம் அருகில் நீறணிந்த கிழவர் ஒருவர் வடம் பற்றியிருந்தார். "எங்கள் பாட்டனாரும் இழுத்தார்" என்பதே அவர் கூறிய காரணம்.

வரும் திருநாளில் நம் சங்கத்துக் குடும்பத்தினர் அங்குச் செல்லக் கருதியுள்ளனர். நண்பகலுக்கு முன்னரே சென்று சேர்க. கோயிலை அமைதியாகக் காணலாம். பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்க. அவர்கள் கேள்வி கேட்டால் எம்மைப்போல் நாணாதிருக்க, இவ்வாண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்க.