பட்டத்துக்கு ஒரு கேக்



சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவங்கதான் எங்க குழு. கடன் எடுத்து ஓவன் வாங்கினோம். முதல் பட்டமளிப்பு கேக், குழுவில் ஒரு அக்கா மகளுக்கு. அவங்க வீட்டுக்கே அதுதான் முதல் பட்டம். கேக் நடுவில் குழிஞ்சு போச்சு. அக்கா ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் அழுகை வந்தது. காசு வாங்கல.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, மாவு சீக்கிரம் பொங்கி, வேகுமுன்னே அமுங்கிடும். பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்து, பாலைக் கொஞ்சம் கூட்டினோம். சரியாச்சு.

சேலத்து ஆர்டருக்கு வேறு பாடு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினா வெயில். வெண்ணெய் கிரீம் உருகிடும். வெறும் கேக்கைக் கொண்டுபோய் அவங்க வீட்டிலேயே அலங்கரிப்போம். கப் கேக்கைக் கவிழ்த்து, மேலே சதுரச் சாக்லேட் வைத்தால் பட்டத் தொப்பி; ஓரத்தில் கிரீம் குஞ்சம்.

போன மாசம் அதே அக்கா சின்ன மகளுக்குக் கேக் கேட்டாங்க. "பி.ஏ.ன்னு பெரிசா எழுதும்மா" என்றாங்க. முழு விலையும் கொடுத்தாங்க. குழு நோட்டில் வரவு எழுதினேன்.