டிரம்மில் ஏறும் மதிப்பும் தோப்பில் தங்கும் மதிப்பும்

தருமபுரி மாவட்டத்தில் நிகழும் பட்டமளிப்பு விழாவில் உலக மதிப்புச் சங்கிலிகளை அளவிடுவது பற்றிப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், அச்சங்கிலியின் ஒரு கண்ணி பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரங்களின் மாந்தோப்புகளில் இருப்பதே ஆகும்.

ஒரு பொருள் ஒரு நாட்டில் வடிவமைக்கப்பட்டு, வேறு பல நாடுகளில் அதன் உறுப்புகள் செய்யப்பட்டு, இன்னொரு நாட்டில் பொருத்தப்பட்டு, மற்றொரு நாட்டில் விற்கப்படும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் சேரும் மதிப்பின் தொடரே உலக மதிப்புச் சங்கிலி எனப்படுகிறது. உலக வணிகத்தில் ஏறத்தாழப் பாதி இத்தகையது என்றும், இதில் ஒரு நாட்டின் பங்கேற்பு 1 விழுக்காடு உயர்ந்தால் அதன் தனிநபர் வருமானம் 1 விழுக்காட்டுக்கும் மேல் உயரக்கூடும் என்றும் உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை மதிப்பிட்டது. வளரும் நாடுகளின் அரசுகள் ஆலைகளை ஈர்க்கப் போட்டியிடுவதன் பின்னணி இதுவே.

ஆனால் பங்கேற்பை எப்படி அளப்பது? சுங்கத்துறையின் ஏட்டில் பதிவாவது துறைமுகத்தைக் கடக்கும் பொருளின் முழு விலை. அப்பொருளுக்குள் இறக்குமதியான உறுப்புகள் எவ்வளவு உள்ளன என்பதை அந்த ஏடு சொல்வதில்லை. 100 ரூபாய்க்கு ஏற்றுமதியாகும் பொருளில் 80 ரூபாய் இறக்குமதி உறுப்புகள் என்று வைத்துக்கொண்டால், நாட்டில் உருவானது 20 ரூபாய் மட்டுமே. அந்த 80 ரூபாய் இரு நாடுகளின் ஏற்றுமதிக் கணக்கிலும் ஏறி, இருமுறை எண்ணப்பட்டுவிடுகிறது. இதைப் பிரித்தறியும் கருவி, எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் உள்ளீடு–வெளியீட்டு அட்டவணை; 1930களில் அதை வகுத்த வாசிலி லியோண்டிஃப் 1973இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வுரையாளர் மாணவராயிருந்த நாள்களில் அந்த அட்டவணையின் நேர்மாறு அணியைப் பேனாவும் தாளும் கொண்டே கணக்கிட வேண்டியிருந்தது. நான்கு துறைகள் கொண்ட சிறு கணக்குக்கே விடுதியில் ஓர் இரவு கழிந்துவிடும். இன்றைய மாணவருக்கு அது கணினியில் நொடி வேலை என்பது பெருமகிழ்ச்சிக்குரியது, ஏனெனில் மிச்சமாகும் அந்த இரவைக் களத்தில் செலவிடலாம்.

பல நாட்டு அட்டவணைகளை ஒன்றாக இணைத்து, பாரிசில் உள்ள பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பும் (ஓஇசிடி) உலக வணிக அமைப்பும் 2013இல் மதிப்புக்கூடுதல் அடிப்படையிலான வணிகத் தரவுகளை வெளியிட்டன. அதன் தேவையை முன்பே உணர்த்தியது, 2010இல் யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் ஆகியோர் ஐஃபோன் பற்றிச் செய்த ஆய்வு: 2009இல் 178.96 டாலர் அடக்கவிலை கொண்ட ஒரு கைப்பேசியில், அதைப் பொருத்திய சீனத் தொழிலாளரின் உழைப்புக்குச் சேர்ந்தது 6.50 டாலர். 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த ஒசூர்ப் பகுதியில் இன்று கைப்பேசி உறுப்புகள் தயாராகும் நிலையில், அந்தக் கணக்கு இங்கும் போடப்பட வேண்டும்.

கைப்பேசிக்கு நேர்மாறானது மாங்கூழ். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கப்படும் மாங்காய் பழுத்தபின் ஆலையில் கழுவப்பட்டு, தோலும் கொட்டையும் நீக்கப்பட்டு, கூழாக்கப்பட்டு, சூடேற்றிக் கிருமி நீக்கப்பட்டு, காற்றுப்புகாப் பையில் நிரப்பப்பட்டு, ஏறத்தாழ 215 கிலோ கொள்ளும் இரும்பு டிரம்மில் அடைபடுகிறது. 1 கிலோ கூழுக்குச் சுமார் 2 கிலோ பழம் வேண்டும் என்பதால், ஒரு டிரம்முக்குள் 400 கிலோவுக்கு மேற்பட்ட பழம் அடங்கியிருக்கிறது. இந்தியாவின் மாங்கூழ் ஆலைகள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, ஆந்திராவின் சித்தூர் ஆகிய இரு வட்டாரங்களிலேயே குவிந்துள்ளன. சவூதி அரேபியாவும் நெதர்லாந்தும் முக்கிய வாங்குநர்கள். பழம், கூலி, மின்சாரம், லாரி வாடகை எல்லாம் இங்கேயே உருவாவதால் டிரம்மின் மதிப்பில் பெரும்பகுதி உள்நாட்டு மதிப்பு. வாங்கும் நாட்டில் அது பானமாகி அங்கேயே குடிக்கப்பட்டால் சங்கிலிக் கணக்கில் ஏறாது. மூன்றாம் நாட்டுக்கு அனுப்பப்பட்டால்தான் இந்தியாவின் முன்னோக்கிய பங்கேற்பாக, அதாவது பிறர் ஏற்றுமதிக்குள் அடங்கிய நம் மதிப்பாக எண்ணப்படும். தோப்புக்காரருக்கு இந்த வேறுபாடு எதையும் மாற்றுவதில்லை.

இங்கேதான் அளவீட்டின் பெருங்குறை தெரிகிறது. உள்நாட்டு மதிப்பின் விகிதம் உயர்ந்தால் நாடு பயனடைகிறது என்பது பலரின் நம்பிக்கை. அந்த விகிதம் மதிப்பு எங்கே உருவாயிற்று என்பதைக் கூறுமே தவிர, யார் கையில் சேர்ந்தது என்பதைக் கூறாது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில், முந்தைய ஆண்டுக் கூழ் விற்காமல் தேங்கியிருந்த நிலையில் ஆலைகள் கொள்முதலைக் குறைத்ததால் பெங்களூராவின் விலை சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தானே ஏற்க நேர்ந்தது. தமிழக விவசாயிகளும் விலை கேட்டுப் போராடினர். கூழைக் கிடங்கில் வைத்துக் காத்திருக்க முடியும், ஆலை வாயிலில் டிராக்டரில் நிற்கும் பழத்தால் காத்திருக்க முடியாது. தேவை குறையும்போது அதன் பெருஞ்சுமை தோப்பின் மீது விழுவதற்கு இதுவே காரணம், இதைப் பதிவுசெய்யும் கட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை.

ஓஇசிடி தரவில் உணவும் பானமும் புகையிலையும் ஒரே துறை. மாங்கூழ் அங்கே சர்க்கரையோடும் சிகரெட்டோடும் கலந்து மறைகிறது. அட்டவணை நாட்டளவோடு நின்றுவிடுவதால் தருமபுரி அதில் ஒரு புள்ளியாகவும் இல்லை. ஒரு டிரம்மின் விலையில் தோப்புக்காரர், குத்தகைதாரர், மண்டிக்காரர், தோல் சீவும் பெண் தொழிலாளர், ஆலை, ஏற்றுமதியாளர் ஆகியோர்க்கு எவ்வளவு சேருகிறது என்ற கணக்கை டெல்லியிலிருந்தோ பாரிசிலிருந்தோ வந்து எவரும் போடப்போவதில்லை. பொருளியலும் வணிகவியலும் புள்ளியியலும் கற்று இன்று பட்டம் பெறுவோரில் பலர் அந்தத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். மண்டிச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். இவர்கள் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் விலையையும் கூலியையும் நாள்தோறும் குறித்துவைத்து, அக்கணக்கை மாவட்ட ஆட்சியரின் மேசையில் வைக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் ஒரே வேண்டுகோள். மாங்காய் வரத்து மே மாதத்தில் தொடங்கும்.