அறுத்த மீனும் ஆறாத வடுவும்



கொல்லிமலை என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் வல்வில் ஓரியின் நினைவே முந்தி நிற்கும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனை மலையமான் திருமுடிக்காரி போரிலே கொன்று, அவன் ஆண்ட மலையைச் சேரனுக்கு ஈந்தான் என்று சங்கப் பாட்டுக் கூறும். மலை கைமாறிற்று; வேந்தர் பெயர்கள் ஏட்டில் ஏறின. அந்நாளில் இம்மலைச் சரிவில் தினை விதைத்தவன் யார், அப்போரில் மகனை இழந்த தாய் யாவள் என்பவற்றை எந்த ஏடும் கூறவில்லை. வரலாற்றின் இயல்பு அது; அதனைக் குறைகூறிப் பயனில்லை.

அறப்பள்ளி அண்ணலின் கணக்கோ வேறு. தேவாரத்தில் வைப்புத்தலமாக இடம்பெற்றதும், அம்பலவாணக் கவிராயரின் சதகத்தால் புகழ்பெற்றதுமான அத்திருக்கோயில் ஐயாற்றின் கரையிலே உள்ளது. முன்னொரு காலத்தில் சிலர் அவ்வாற்று மீன்களைப் பிடித்து, அறுத்து, உலையிலும் இட்டனராம். துண்டுபட்ட உடல்கள் மீண்டும் பொருந்தி, மீன்கள் உயிர்பெற்றுக் கலத்தினின்று துள்ளி ஆற்றிலே சென்று சேர்ந்தன என்பது தலவரலாறு. உலையில் வேகும் மீனுக்கு உலகில் யார் இரங்குவர்? அறுத்த மீனைப் பொருத்திய பெருமான் என்றே அடியார் அவனை ஏத்துகின்றனர்.

இங்கே ஒருவர் வினவலாம். மீனுக்கு இரங்கியவன் ஓரிக்கு ஏன் இரங்கவில்லை? 1914-லும் 1939-லும் மூண்ட இரு உலகப் போர்களில் மாண்ட கோடிக்கணக்கான மக்களை ஏன் பொருத்தித் தரவில்லை? வினா எளியதன்று. நாளிதழ் மாண்டோரின் தொகையைக் கூறும். பெற்றவளோ பெயரைச் சொல்லி அழுவாள். அவள் இவ்வினாவைக் கேட்கும்போது விரைந்து விடை கூறுவது அறிவுடைமையும் ஆகாது.

ஆயினும், அத்தலத்தின் மற்றொரு வரலாற்றை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். உழவன் ஒருவன் நிலத்தை உழுதபோது கலப்பையின் கொழு இலிங்கத் திருமேனியிலே பட்டுக் குருதி பெருகிற்று என்றும், அவ்வடு இன்றும் திருமுடியில் உளது என்றும் கூறுவர். மீனைப் பழுதின்றிப் பொருத்தியவன் தன் வடுவை மாற்றிக்கொள்ளவில்லை! மதுரையிலும் அவன் செயல் இத்தகையதே. வைகை பெருகியபோது பாண்டியனுக்கு நாட்டைக் காக்கும் கவலை. முதியவள் வந்திக்கோ தன் பங்குக் கரையை அடைக்க ஆளில்லையே என்னும் கவலை. பெருமான் அவளுடைய உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாக வந்தான், பிரம்படியும் பட்டான். துன்புறும் எளியவர் பக்கத்தில் அவனும் அடிபட்டு நிற்கின்றான்.

ஆடிப் பதினெட்டாம் நாளில் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அறப்பள்ளிக்கு வருவோர் பலர். மகளின் மணம், மகனின் பிணி, பொய்த்த மழை எனத் தத்தம் குறைகளையே அவர்கள் சுமந்து வருகின்றனர். ஐயாற்றங்கரையில் நின்று மீன்களுக்கு இரையிடுகின்றனர். அம்மீன்களை அங்கு எவரும் பிடிப்பதில்லை.