சுகாதாரத் தகவல் தொழில்நுட்பமும் நமது மாணவியரும்

(நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக உயர்தர வகுப்பு மாணவியருக்கு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியராக வேண்டும், தாதியாக வேண்டும், ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசையோடு இந்த மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்கள் பலர். அந்த வரிசையில் இன்னொரு தொழிலையும் சேர்த்துச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அது சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம். வாட்டில் சில வருடங்கள் பணியாற்றிய பிறகுதான் நான் இதைக் கற்றேன். நோயாளியைப் பற்றிய சரியான தகவல், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படுபவரின் கைக்குப் போய்ச் சேர வழி செய்வதே இந்தத் தொழில்.

தகவல் என்றால் என்னவென்று உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அம்மா கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த எச்-512 அட்டை, உங்கள் நிறையையும் தடுப்பூசிகளையும் குறித்த பிள்ளைச் சுகாதாரப் பதிவேடு ஆகியவற்றை அவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் அக்காவிடமும் பதிவேடுகள் உண்டு. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் நோய்க்கும் ஐ.சி.டி. என்ற சர்வதேசக் குறியீடு இட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்புக்கு அனுப்புகிறார்கள். இவையெல்லாம் இப்போது படிப்படியாகக் கணினிக்கு மாறி வருகின்றன. அங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் வருகிறது.

ஒரு தாயை லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். தந்தை ராமன், கணவர் முருகன். 'குடும்பப் பெயர் என்ன?' என்று படிவம் கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஓரிடத்தில் ராமன் லெட்சுமி என்று எழுதுகிறார்கள், இன்னோரிடத்தில் முருகன் லக்ஷ்மி. சிங்களத்தில் எழுதுபவர் காதில் விழுந்தபடி லெச்சமி என்கிறார். பிறந்த திகதியும் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்றாக இருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பெண்கள். ஒரு பதிவில் 'பெனிசிலின் ஒவ்வாது' என்று எழுதியிருந்தால், மற்ற இரண்டையும் திறக்கும் வைத்தியருக்கு அது தெரியாது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் இப்படி மூன்று பெயரில் பதிவான ஒரு தாயைக் கண்டேன். பிரசவத்துக்கு வந்த அவருடைய மாமியார் பழைய துண்டுச் சீட்டு ஒன்றைச் சேலை முடிச்சில் கொண்டுவந்திருந்தார். அந்த ஊசி போடப்படாமல் தப்பியது அந்தச் சீட்டினால்தான்.

இதற்காகவே ஒவ்வொருவருக்கும் தனிச் சுகாதார இலக்கம் வழங்கும் முறை நம் நாட்டில் வந்திருக்கிறது. ஆனால் புதிய இலக்கம் கொடுக்குமுன், இவருக்கு ஏற்கனவே ஓர் இலக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். எழுத்தை மட்டும் பார்த்துத் தேடினால் லெட்சுமி கிடைக்கமாட்டார், ஒலியைப் பார்த்தும் தேட வேண்டும். கமலாவுக்கும் கணேசனுக்கும் தமிழில் ஒரே 'க' போதும். சிங்களத்தில் அவை இரண்டு வெவ்வேறு எழுத்துகள். இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் வேண்டும். நமது பாடசாலைப் பிள்ளைகள் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் இந்த மூன்று மொழிகளோடும் வளர்கிறவர்கள்.

முகவரியும் அப்படித்தான். இரத்தினபுரி, கேகாலை இரண்டும் எலிக்காய்ச்சல் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். ஒருவருக்கு அந்தக் காய்ச்சல் என்று சந்தேகித்தால் வைத்தியசாலை எச்-544 படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைத் தேடிப் போவார். படிவத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் எந்த டிவிஷன், எந்த லயம் என்று அவர் எப்படி அறிவார்? பல தோட்டங்களுக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, பதிவிலுள்ள பெயர் வேறு. இரண்டையும் இணைத்து ஒரு பட்டியல் செய்தால் பரிசோதகர் ஒரு நாள் முந்திப் போய்ச் சேருவார்.

இதெல்லாம் நம்மால் முடியுமா என்று நினைக்காதீர்கள். 2020 ஜனவரியில் கொவிட்-19 பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய டி.எச்.ஐ.எஸ்.2 என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பின்தொடரும் முறையை இலங்கையர் சில நாட்களில் அமைத்தார்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் தமக்கேற்பச் செய்துகொண்டன. அந்தக் குழுவில் இத்துறையைப் படித்த நமது நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள்.

இனி, எப்படிப் படிப்பது? வைத்தியரானவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பு உண்டு. ஆனால் வைத்தியராகித்தான் இதற்கு வரவேண்டும் என்பதில்லை. நமது மாகாணத்தில் தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் எத்தனை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். தாதியராகவோ மருந்தாளராகவோ மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிலோ இருந்துகொண்டும் இத்துறைக்குள் வரலாம். எந்த வழியில் போனாலும் மேற்படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆகவே இன்றே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணிதத்துக்குப் பயப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். யாருக்கு என்ன நோய், எந்தப் பெண்ணுக்குக் கரு நிற்கவில்லை என்பதெல்லாம் உங்கள் திரையில் தெரியும். அது வெளியே போனால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு முன்பே நமது நாவு அடங்க வேண்டும். வாய் காக்கத் தெரியாதவர் இத்தொழிலுக்கு வரவேண்டாம்.

கடைசியாக அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வைத்தியசாலைகளிலோ கணினி நிறுவனங்களிலோ இருக்கிறோம். கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் நிதி தருகிறோம், நல்லது. அதோடு மாதத்தில் ஒரு மணிநேரம் ஒரு தங்கையோடு தொலைபேசியில் ஆங்கிலம் பேசுங்கள். ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு எந்தப் படிவத்தை எங்கே அனுப்புவது என்று சொல்ல ஆளில்லை. அந்த ஆளாக நாம் இருப்போம்.

தங்கைகளே, உங்கள் பாட்டிமாரின் பெயரைக் கேட்காமலே கணக்கப்பிள்ளைமார் தாம் நினைத்தபடி செக்ரோலில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. இனி அந்தப் பெயர்களைச் சரியாக எழுதும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.